அறையவில்லை, கை ஓங்கினாள்

விசாலம் மருமகளை அறைந்துவிட்டாள் என்று மோகனப்ரியா சொன்னபோது ஜெகதீஷ் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அறையல. கைதான் ஓங்குனா," என்றான். டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரிதான். ஏழரை மணி சீரியலில் மாமியார் விசாலம் நேற்று மருமகள் தாரிணியை அடிக்கவில்லை. கையை ஓங்கினாள். அதையே ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தொடரும் போட்டுவிட்டார்கள். அறைந்தாள் என்பது மோகனப்ரியா சேர்த்தது. விசாலத்தைப் பற்றி எதைச் சேர்த்தாலும் தகும் என்பது அவள் எண்ணம்.

தோசைக்கல்லைக் கழுவும்போதுதான் உறைத்தது. இவனுக்கு எப்படித் தெரியும்?

ஏழரைக்கு அவன் கம்பெனி பஸ்ஸில் இருக்க வேண்டியவன். ரூட்டை மாற்றிவிட்டார்கள், மணிமங்கலம் போய்ச் சுற்றி வருகிறது, எட்டரை ஆகிவிடுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்கிறான். பஸ்ஸில் ஏறினால் வாய் பிளந்து தூங்குவான். கல்யாணமான புதிதில் அவள் தோளையே நனைத்திருக்கிறான். அதோடு, சீரியல் என்றாலே அழுகாச்சி என்று எழுந்து போகிறவன்.

மறுநாள் அவன் குளிக்கப் போனதும் செல்போனை எடுத்துப் பார்த்தாள். அவன் பார்த்த வீடியோக்களில் கிரிக்கெட், பைக், ஒரு சாமியார். சீரியல் இல்லை.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டுக் காந்திமதி. அவள் கணவருக்கும் அதே கம்பெனி, அதே பஸ்.

"அக்கா, அண்ணனும் லேட்டாதான் வராரா?"

"இல்லியே. ஏழு மணிக்கெல்லாம் வந்து காபி கேட்டுகினு நிக்குது. ஏன்?"

"சும்மாதான்."

"இன்னாடி சும்மா? மூஞ்சி விசாலம் மாதிரி கீது."

அன்று சீரியலில் விசாலத்தின் மகன் ஓடி வந்து, இரண்டு நாளாக ஓங்கியே இருந்த அம்மாவின் கையைப் பிடித்துவிட்டான். மோகனப்ரியாவின் மனம் அதில் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு டிவி ஓடுகிறது. அதன் முன்னால் ஜெகதீஷ் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் யார்?

அவள் யாரையும் நம்பிச் சீரியல் பார்ப்பவள் அல்ல. கேட்காமல் காபி கொண்டுவருபவள் எதையோ மறைக்கிறாள். அதிகமாக இஸ்திரி போட்ட சட்டைக்காரன் திருடன். குடும்பத்துக்கு நல்லது செய்ய வந்தவன்போல் நுழைந்த வக்கீலை மோசக்காரன் என்று முதல் நாளே பிடித்துவிட்டாள். காந்திமதி சிரித்தாள். பிறகு அவன் சொத்தை எழுதி வாங்கியபோது காந்திமதிதான் வந்து கதவைத் தட்டினாள்.

அந்தக் கண்ணை இப்போது புருஷன் பக்கம் திருப்பினாள். இரண்டு மாதமாகக் குழம்பில் உப்பு இல்லை என்று அவன் சொன்னதே இல்லை. வந்ததும் பசி இல்லை என்கிறான். கேட்டால் கேன்டீன். கம்பெனியில் அவன் வேலை செய்யும் லைனில் ஐஸ்வர்யா என்று ஒருத்தி இருக்கிறாள், ஒரகடத்தில் தனியாக ரூம் எடுத்திருக்கிறாள் என்று எப்போதோ சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேரை எடுக்கவில்லை. எடுக்காததுதான் உறுத்தியது.

சீரியலில் வீட்டை விட்டுப் போகிறவர்களின் பெட்டியைப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றுமில்லை. அவள் தன் பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்கினாள். தூக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். விஷயம் உறுதியானால் காஞ்சிபுரத்தில் அம்மா வீடு.

காலையில் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து தாரிணி பெட்டியத் தூக்கிட்டா. சாப்பாட்டுத் தட்டக் கூட தொடல," என்றாள். நேற்று அப்படி எதுவும் நடக்கவில்லை.

அவன் நிமிரவில்லை. "பெட்டியெல்லாம் தூக்கல. அந்த வூட்ல எவன்தான் சாப்ட்டு கை கழுவிக்கிறான்? சோத்துல கைய வெச்ச ஒடனே ஒரு போன் வந்துருது. அவ்ளோ சோத்தயும் யார் தலைல கொட்றது?"

அது அவன் பேச்சு அல்ல. முன்பு இருந்த பிள்ளைப்பாக்கத்து வீட்டில் தினமும் ஏழரைக்கு அவள் கேட்ட பேச்சு. அவள் மாமியார் சின்னப்பொண்ணுவின் பேச்சு.

அங்கே இருந்தபோது மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்து இதே சீரியலைத்தான் பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி நேராக எதுவும் சொன்னதில்லை. சின்னப்பொண்ணு தாரிணியைத் திட்டுவாள்: "ஒரு வேலை தெரியல, வாய் மட்டும் கீது." மோகனப்ரியா விசாலத்தைத் திட்டுவாள். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒரு சாயங்காலம் தாரிணியும் விசாலமும் போதவில்லை. சின்னப்பொண்ணுவின் கை மருமகளை நோக்கி எழுந்தது. ஜெகதீஷ் நடுவில் வந்துவிட்டான்.

அடுத்த வாரம் படப்பையில் வீடு பார்த்தார்கள். இனி பிள்ளைப்பாக்கம் போனது தெரிந்தால் அங்கேயே இருந்துகொள் என்று அவனிடம் சொன்னாள். காஞ்சிபுரத்தில் அம்மாவிடம் சொல்லும்போது, மாமியார் அறைந்துவிட்டாள் என்றாள்.

"அத்த எப்டி கீறாங்க?" என்றாள் இப்போது.

இட்லி அவன் கையிலேயே நின்றது. "யாரு?"

"யார் தலைல கொட்றதுன்னு கேக்கறவங்க."

அவன் தட்டைப் பார்த்தான். "நல்லாதான் கீது." இட்லியைத் தட்டிலேயே வைத்தான். "சீரியல் முடிஞ்சா கெளம்பிடுவேன் ப்ரியா. அவ்ளோதான்."

ஐஸ்வர்யாவாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். பெட்டி அதற்காகக் கட்டியது. இதற்கென்று எதையும் கட்டி வைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் அவள் நம்பவில்லை.

"இன்னா பேசுவீங்க?"

"இன்னா பேசறது? டிவி ஓடிகினு இருக்கும்."

"விளம்பரத்துல?"

"விளம்பரத்துல அம்மா சோறு போடும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"அங்கியே இருந்துக்கன்னியே. இப்ப இன்னா, நான் வூட்டுக்கு வர்றதா வேணாவா?"

அவள் தட்டை எடுத்தாள். அரை இட்லி மீதி இருந்தது.

"சாயங்காலம் போவ இல்ல? ஒண்ணு கேட்டுகினு வா. நடுவுல மவன் வரலன்னா விசாலம் அறைஞ்சிருப்பாளா, மாட்டாளா?"

"தாரிணியையா?"

"தாரிணியத்தான்."

அவன் போய்விட்டான். ஏழரைக்கு டிவியைப் போட்டாள். விளம்பரம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்தாள், அங்கே பேசுவது இங்கே கேட்டுவிடும் என்பதுபோல.

எட்டரைக்கு வந்தான். ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"அறைஞ்சிருக்க மாட்டேன்னுச்சு."

"மாட்டாளா, மாட்டேனா?"

"மாட்டேன்."

வக்கீலைப் பார்த்த அதே கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீயா சேத்துச் சொல்றியா?" என்றாள்.