இல்லாத இரண்டாம் பிரதி

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் பதிவுகளைப் பத்திரமாக வைப்பது அவள் வேலை. அவளுடைய அண்ணி அங்கே சம்பளமில்லாமல் புத்தகம் வாசித்துக் கொடுத்தவள். மூன்று ஆண்டுகளில் நாற்பது புத்தகங்கள். இருபத்தாறு கேட்பவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. மீதிப் பதினான்கின் இருமல், பிசகுகளை நீக்கி அனுப்ப வேண்டியவள் இவள்தான். அதற்குள் அண்ணிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய், கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது.

செவ்வாய்க்கிழமை, பதிவுகள் இருந்த பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு முறை டக் டக்கென்று அடித்துவிட்டு ஓய்ந்துபோனது. மேலாளர் பதறவில்லை. "அதான் ரெண்டாவது காப்பி இருக்கே. புதுசா ரெண்டு வாங்கிட்டு வா" என்றார்.

இரண்டாவது பிரதி இல்லை. சுவரில் தொங்கிய அட்டவணையில் வாரந்தவறாமல் டிக் போட்டிருந்தாள். எட்டு மாதமாக ஒரு பதிவைக்கூட நகல் எடுக்கவில்லை. முதல் வாரம் வேலை நெருக்கடி. அடுத்த வாரம் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு பேனா தானாகவே டிக் போடப் பழகிவிட்டது.

கடைக்கு அண்ணியும் துணைக்கு வந்தாள். வழியெல்லாம் அவளிடம் சொல்லிவிட இவள் வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினாள்.

"பன்னெண்டு டிபி, ரெண்டு. நாள் முழுக்க ஓடுறதுக்குன்னு செஞ்சது வேணும். அஞ்சு வருஷ வாரண்டி."

கடைக்காரர் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டை எடுத்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனி வேண்டாங்க. ஒண்ணா செஞ்சது ஒண்ணாவே போயிடலாம். ஒண்ணு மட்டும் வேற கம்பெனில குடுங்க."

அவர் சிரித்தார். "இவ்வளவு விவரமா இருக்கீங்க. ஒரு டிஸ்க் போனாலும் உங்ககிட்ட எதுவும் தொலைஞ்சிருக்காது."

அண்ணி பெருமையாக இவளுடைய தோளைத் தட்டினாள். அந்தத் தட்டலைத்தான் தாங்க முடியவில்லை. கடைவாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, காப்பி எடுக்கவே இல்ல. எடுத்தேன்னு பொய்யா டிக் போட்டுட்டேன். உங்க பதினாலும் செத்த டிஸ்க்லதான் இருக்கு."

அண்ணி நடந்துகொண்டே இருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ராப்பகலா வாசிச்சேனே... எதுக்குன்னு தெரியும்ல?"

தெரியும். குரல் போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வாசித்த அத்தியாயங்கள் அவை.

மறுநாள் மேலாளரிடமும் சொன்னாள். அவர் அட்டவணையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார், கத்தவில்லை. சேமிப்பகத்தின் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். பழுதான டிஸ்க் பதிவுகளை மீட்டெடுக்கும் கூடத்துக்குப் போய், ஐந்து வாரம் கழித்து ஒன்பது புத்தகங்களோடு திரும்பியது. ஐந்து போனது போனதுதான்.

அன்று மாலை அண்ணி ஒரு தடித்த புத்தகத்தோடு நூலகத்துக்கு வந்தாள். ஐந்தில் ஒன்று. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வேண்டுமென்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நாவல்.

"நீ வாசி."

"என் குரல் தகர டப்பா மாதிரி இருக்கும் அண்ணி."

"இருக்கட்டும். அவருக்குக் கதை வேணும்."

பதிவறைக் கதவைச் சாத்தினார்கள். முதல் பக்கத்தில் மூன்று இடத்தில் தடுமாறினாள். ஒவ்வொரு முறையும் அண்ணி மேசையை விரலால் தட்டி நிறுத்தி, வரியின் தொடக்கத்தைச் சுட்டினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏழு மணி வரை வாசித்ததில் பதினோரு பக்கம்தான் தேறியது. புறப்படும்போது மேலாளரிடம் கேட்டு வாங்கிய புது டிஸ்க் இரண்டிலும் நகலெடுத்து, இரண்டையும் தனித்தனியே திறந்து ஓடவிட்டுக் காட்டினாள்.

அண்ணி இரண்டையும் கடைசிவரை கேட்டாள். அதன் பிறகே பையை எடுத்தாள்.