கணவாய் வீட்டு இருமல்

என் வேலை தொலைபேசியை எடுப்பது. அதற்கு முன் பதினொரு வருஷம் ஒரு பெரிய கடையின் லிஃப்ட்டுக்குள் வெள்ளைக் கையுறையோடு நின்று, "மூன்றாம் மாடி, குழந்தைகள் துணி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் லிஃப்ட் பெண்களே வேண்டாம் என்று முடிவு செய்தபோது, இசோபே என்பவர் என் குரலுக்காகவே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். தொயாமாவில், டிராம் திரும்பும் முனையில், ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது அவருடைய கம்பெனி. மொத்தம் ஐந்து பேர். கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறிவரும். குளிர்காலத்தில் அது எங்களுக்கு வசதி.

கம்பெனி ஒரே ஒரு வீடியோ கேம் செய்திருந்தது. பெயர் 'மருந்துக்காரன் தோகுபெய்'. எங்கள் ஊர் மருந்து வியாபாரிகளைப் போல தோகுபெய் முதுகில் பெட்டி சுமந்து ஊர் ஊராக நடப்பான். வழியில் பூதங்கள் வரும். அவன் கையில் கத்தி கிடையாது. பூதத்துக்கு என்ன நோவு என்று கண்டுபிடித்து மருந்து கொடுக்க வேண்டும். விக்கல் நிற்காத ஒற்றைக்கண் பூதம் ஒன்று, மனைவி முன்னால் மானம் போகிறது என்று அழும். கசப்பு மருந்து பிடிக்கும் என்பதற்காகவே நோயாளியாக நடிக்கும் நரி ஒன்று உண்டு. இதையெல்லாம் எழுதியவர் இசோபேதான். முன்பு ஒரு மருந்துக் கம்பெனியில் பொட்டலத்துக்குள் வைக்கும் துண்டுச்சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தவர். படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.

விளையாடினால்தான் அழுகை வரும். மருந்துகள் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்த்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான மருந்து கொடுத்தால் பூதம் முதலிலிருந்து தன் கதையைச் சொல்லும். ஆட்டத்தைச் சேமிக்க விடுதிக்குப் போக வேண்டும். விடுதிக்காரி பேசி முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், நடை. ஒரு பத்திரிகை, "சேற்றில் புதைந்தவன் இவனைவிட வேகமாக நடப்பான்" என்று எழுதியது.

நிரல் எழுதிய ஹோரியிடம், வந்த புதிதில் நானே கேட்டேன், ஏன் இப்படி என்று.

"அடுத்த இடத்தை சிடி தட்டுலேர்ந்து படிக்க மெஷினுக்கு நேரம் ஆகுது, செகிகாவா-சான். அதுக்குள்ள இவன் போய்ச் சேர்ந்துட்டான்னா அங்க ஒண்ணுமே இருக்காது. அதான் நடையைக் குறைச்சேன்."

ஹோரிக்கு இருபத்தெட்டு வயது. எப்போதும் மன்னிப்புக் கேட்கிறவர் போலவே உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்திரிகை வந்த பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்துவிட்டார்.

வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் சொல்வதற்காக ஹோரி எனக்கு ஒரு தடித்த நோட்டு தந்திருந்தார். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் திட்டினார்கள். லிஃப்ட்டில் பழகிய குரலில், "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்பேன். நான் அந்த ஆட்டத்தைத் தொட்டதுகூட இல்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை, பின்னால் லாரிச் சத்தத்தோடு ஒருவர் பேசினார். பொதுத் தொலைபேசி.

"நோசாவான்னு பேர். ஒரு சந்தேகம். ஐந்தாவது மலைக் கணவாய்ல ஒரு வீடு இருக்குல்ல? கதவே திறக்காது. உள்ள யாரோ இருமறாங்க. அவங்களுக்கு எந்த மருந்து வைக்கணும்?"

நோட்டைப் புரட்டினேன். அந்த வீடே அதில் இல்லை. பக்கத்து மேஜையில் கடற்பாசித் துருவல் சுற்றிய சோற்றுருண்டையைத் தின்றுகொண்டிருந்த ஹோரியிடம், தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"அது சும்மா ஒரு வீடு. கதவு வெறும் படம். சத்தம் மட்டும்தான். உள்ள ஆள் கிடையாது."

அதையே கொஞ்சம் பணிவாக நோசாவாவிடம் சொன்னேன்.

"அப்படியா? நான் தினம் ஒரு இருமல் பொடிப் பொட்டலம் வாசல்ல வச்சிட்டு வர்றேனே. முதல்ல ஏழு தடவை இருமுச்சு. இப்ப அஞ்சு. குறையுது."

ஹோரியிடம் சொன்னதும், மெல்வதை நிறுத்திவிட்டு, "குறையாது. ஏழுன்னுதான் எழுதியிருக்கேன்" என்றார்.

"எங்க புரோகிராமர் குறையாதுங்கறார்," என்றேன்.

"சரி, அவர் செஞ்சவர், அவருக்குத் தெரியும். நான் எண்ணினவன். அடுத்த வாரம் கூப்பிடறேன்."

வைப்பதற்கு முன், தானும் மருந்து வியாபாரிதான் என்றார். நிஜ மருந்து வியாபாரி, எங்கள் ஊர்க்காரர். அகிதா பக்கம் வேனில் வீடு வீடாகப் போய், அங்கே தான் வைத்துவிட்டு வந்த மருந்துப் பெட்டியில் குறைந்ததை நிரப்பிவிட்டு வருவாராம். விளையாட்டு மெஷினை மருந்துகளோடு ஏற்றிக்கொண்டு போய், தங்குகிற விடுதி டிவியில் மாட்டி விளையாடுவாராம். "மத்தவங்க நடையைத் திட்டறாங்களாமே. எனக்கு அது சரியாத்தான் படுது. முதுகுல இருபது கிலோ இருக்கறவன் ஓடுவானா?"

அதுவரை யாரும் அந்த நடையைச் சரி என்று சொன்னதில்லை. ஹோரியிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

எனக்கு அந்த ஐந்தும் ஏழும் மனத்தில் உட்கார்ந்துகொண்டன. மறுநாள் ஹோரியின் சோதனை மெஷினை என் மேஜைக்கு இழுத்துக்கொண்டேன். கணவாய்க்குப் போய்ச் சேரவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பனி, ஒரு பைன் மரம், சாத்தின கதவு. நின்றேன். ஏழு தடவை இருமியது. பொட்டலத்தை வைத்தேன். கணவாய்க்குக் கீழே உள்ள விடுதியில் நாளுக்கு ஒரு பொட்டலம்தான் தருவார்கள். விடுதிக்காரியின் பேச்சு, தூக்கம், மறுபடி ஏற்றம். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். ஒரு கையில் தொலைபேசி, ஒரு கையில் ஆட்டம். எட்டாவது பொட்டலத்தை வைத்துவிட்டு எண்ணினேன். ஆறு.

"ஹோரி-சான், கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவர் வந்து நின்று எண்ணினார். மறுபடி எண்ணினார். தன் இடத்துக்குப் போய் மூன்று நாள் நிரலை வரி வரியாகப் புரட்டினார். நான்காம் நாள் காலையில் ஒரு காகிதத்தில் வரிசையாகப் பெட்டிகள் வரைந்து எடுத்துவந்தார்.

"தப்பு என்னோடதுதான். கீழ வைக்கற பொருளை ஆட்டம் ஞாபகம் வச்சுக்கணும்ல? அதுக்கு நான் ஒதுக்கின இடம் பத்தல. ஒரே இடத்துல இத்தனை வைப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. மிஞ்சறது பக்கத்து வீட்டுச் சாமான் மேல போய் உட்காருது. இந்தப் பெட்டிக்குப் பக்கத்து வீடு, இருமல் சத்தம். எட்டு பொட்டலத்துக்கு ஒரு இருமல் அழியுது."

"எல்லாம் அழிஞ்சப்புறம்?"

"அதுக்கு அடுத்தது வரைபடம். அதுக்கும் அடுத்தது..." அவர் கடைசிப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "சேமிச்சு வச்ச ஆட்டம். எல்லாமே போயிடும். நம்ம சோதனை மெஷின்ல ஒரே தடவையா அறுபது வச்சுப் பாத்தேன். திரை கறுப்பாயிடுச்சு."

நோசாவாவுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் எண் என்னிடம் இல்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவர், கூப்பிட்டதும் பொதுத் தொலைபேசியிலிருந்து. அடுத்த வாரம் என்றவர் அந்த வாரம் கூப்பிடவில்லை, வந்த வியாழக்கிழமையும் கூப்பிடவில்லை. அகிதாவில் கடும் பனி என்று வானொலியில் சொன்னார்கள். அடுத்த வியாழனும் இல்லை. இதற்குள் அவர் எத்தனை பொட்டலம் வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஹோரி தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவர் இல்லை என்று நான் கையை ஆட்டுவேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிட்டார். "வேன் பனியில மாட்டிக்கிச்சு," என்று ஆரம்பித்தார்.

"நோசாவா-சான், இப்ப எத்தனை இருமல்?"

"ரெண்டு. ஏன் இப்படிப் பதறறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சாமான் என்று ஹோரி சொன்ன மாதிரியே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப உள்ள நிஜமாவே யாரும் இல்ல."

"இல்லைங்க. மன்னிக்கணும்."

"இருபத்தஞ்சு வருஷமா வீடு வீடாப் போறேன். திறக்காத கதவு எவ்வளவோ பாத்திருக்கேன். உள்ள ஆள் இல்லன்னு ஒருத்தரும் எனக்கு இப்படிக் கூப்பிட்டுச் சொன்னதில்ல."

"கூப்பிட்டது நீங்கதான்," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

"சரி, யாரும் இல்லன்னா இருமறது யாரு?"

"எங்க முதலாளி. போன வருஷம் அவருக்குச் சளி பிடிச்சிருந்தப்ப பதிவு பண்ணினது."

"இப்ப தேவலையா அவருக்கு?"

அறையின் கோடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த இசோபேயைப் பார்த்தேன். "நல்லா இருக்கார்."

"நல்லது. இன்னும் பதினாறு பொட்டலம். ரெண்டு வாரம் ஆகும். வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எல்லாம் அழிஞ்சிடுங்க. நீங்க இத்தனை நாள் விளையாடினது எல்லாமே."

"அழியட்டுமே. இருமல் நிக்கிறதைக் கேக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

பிப்ரவரி கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"நின்னுடுச்சு. முழுசா நின்னுடுச்சு. அப்புறம் இன்னொரு பொட்டலம் வச்சேன். கதவு இருந்த இடத்துல கடல் வந்துடுச்சு."

"என்ன வந்துச்சு?"

"கடல். சுத்தி பனி, மலை எல்லாம் அப்படியே இருக்கு. நடுவுல கதவு அளவுக்கு மட்டும் கடல். அலை அடிக்குது."

ஹோரி எழுந்து வந்து என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார். அவர் ஒரு வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அலை அசையுதா? எந்தப் பக்கம்? ... இடமிருந்து வலமா? ... உள்ள போனீங்களா?" பென்சிலால் என் மேஜை விரிப்பின் மேலேயே எழுதினார். "போனானா? ... எப்படி? ... வேகமாவா?" என் பக்கம் திரும்பினார். "கடலுக்குள்ள ஓடினானாம், செகிகாவா-சான். நம்ம தோகுபெய் ஓடினானாம்."

ஓடிப்போய்த் திரையின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டானாம். பிறகு வரவில்லை. அலை மட்டும் அடித்துக்கொண்டிருந்ததாம். நோசாவா காலை உணவு முடிகிற வரை பார்த்துவிட்டு, மெஷினை அணைத்திருக்கிறார். திரும்பப் போட்டபோது மெமரி கார்டில் ஒன்றுமில்லை.

சோதனை மெஷினில் திரை கறுப்பாகிவிடுவதால், ஹோரி அன்றே கடையில் விற்கிற சாதாரண மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இருவரும் மாற்றி மாற்றி விளையாடினோம். அவசரத்தில் நான் இருமல் பொடிக்குப் பதில் வயிற்றுவலி மாத்திரை வாங்கிவிட்டேன். ஐந்தாறு நாள் கழித்துத்தான் கவனித்தோம். சரி, போகட்டும் என்று அதையே வைத்தோம். இருமல் அதற்கும் குறைந்தது. கடைசியில் கடல் வரவில்லை. கதவு இருந்த இடத்தில் காகிதப் பலூன்கள் அடுக்கடுக்காக வந்து நின்றன, மருந்துக்காரர்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாதிரி.

ஹோரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எந்த மருந்து வைக்கறோமோ, அதோட எண்தான் படமா மாறுது. அப்ப..."

"முப்பத்தெட்டு மருந்து," என்றேன்.

இசோபேயிடம் போய்ச் சொன்னோம். அடுத்த பதிப்பில் பிழையைத் திருத்தட்டுமா என்று ஹோரி கேட்டார், பழக்கத்தில்.

"அடுத்த பதிப்பா? போட்டதே ஆறாயிரம், அதுவே கடைகள்ல கிடக்கு," என்றார் இசோபே. "திருத்தாதே. இருமல் பொடி வச்சா கடல்னு நான் யோசிச்சிருந்தா எழுதியிருப்பேன். எனக்குத் தோணலையே."

அன்றிலிருந்து கணவாயைப் பற்றி யார் கேட்டாலும் நான் மறைக்கவில்லை. "இது பிழைதான், உங்க ஆட்டம் அழிஞ்சிடும். ஆனா என்ன தெரிஞ்சுதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்பேன். சுவரில் முப்பத்தெட்டு கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றை ஒட்டினேன். வெட்டுக்காயக் களிம்புக்கு, தலைகீழாக ஒரு கோவில். பல்வலித் துளிக்கு, விடுதிக்காரி நான்கு பேர், நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒரு வாசகர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு நாளுக்கு நாற்பது அழைப்பு. திட்டுகிறவர்களும் கூப்பிட்டார்கள். திட்டி முடித்துவிட்டு, மூலநோய்த் தைலம் யாராவது வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு பல் மருத்துவர் மூன்று முறை ஆட்டத்தை அழித்துக்கொண்டார்.

நோசாவா ஏப்ரலில் சுற்று முடிந்து ஊர் திரும்பியதும் மாடிக்கு வந்தார். குரலை வைத்து உயரமானவர் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். அட்டை முன்னால் நின்று ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். பிறகு ஹோரியிடம், "காய்ச்சல் மாத்திரைக் கட்டம் காலியா இருக்கே. அதை நான் எடுத்துக்கறேன்," என்றார். ஹோரி உடனே அவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினார். நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார் என்பதை நான் கவனித்தேன்.

இதனாலெல்லாம் கம்பெனி பிழைத்துவிடவில்லை. ஆட்டம் பழைய விளையாட்டுக் கடைகளில் கைமாறிக்கொண்டே இருந்ததே தவிர, புதிதாக விற்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் மாடியைக் காலி செய்தோம். இசோபே பழையபடி துண்டுச்சீட்டு எழுதப் போனார். ஹோரிக்கு நகோயாவில் வேலை கிடைத்தது. நான் நகர நூலகத்தில் சேர்ந்தேன், அங்கும் தொலைபேசிதான். அட்டையில் முப்பத்தொரு கட்டம் நிரம்பியிருந்தது. ஹோரி அதை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்றும் எப்போதாவது, யார் சொல்லியோ எண்ணைக் கண்டுபிடித்து, நூலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு கட்டத்துக்குப் பதில் சொல்கிறார்கள்.

நான் இன்னும் அந்த ஆட்டத்தை முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, கணவாய்ப் பக்கம் போகாமல், ஒழுங்கான வழியில் விளையாடுகிறேன். இப்போது எட்டாவது மலையில் ஒரு பனிப்பெண்ணிடம் நிற்கிறேன். உள்ளங்கால் எரிகிறது என்கிறாள். பதினோரு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து தன் கதையைச் சொல்கிறாள், நானும் கேட்கிறேன்.