ஜிபெக் எடுத்த நகல்

"அப்போ இத்தனை வருஷமா நாம சும்மாவா அள்ளி அள்ளி ஊத்திட்டு இருந்தோம்?"

"சும்மான்னு சொல்ல மாட்டேன், பைக்கே. ஆனா தேவையில்ல. தட்டு நடுவுலதானே இருக்கு? அதுலயே கைய வெச்சுச் சாப்பிட்டா போச்சு" என்றான் எர்மெக்.

அசில்பெக் வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டியா ஜிபெக்? ஒரே தட்டுல சாப்பிடுற ஜனங்க நாம. இது உனக்குத் தோணாமப் போச்சே!"

ஜிபெக்கும் சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

பிஷ்கெக்கின் அந்த நிலநடுக்க மையத்துக்கு அசில்பெக் தலைவர்; இளையவர்களுக்கு 'பைக்கே', அதாவது அண்ணன். மலைகளில் புதைத்திருக்கும் சென்சார்கள் அனுப்பும் அதிர்வுகளை வாங்கி நினைவகத்தில் அடுக்கும் சி மொழி நிரல் ஜிபெக்குடையது. அதைப் படித்து, ஆபத்தா இல்லையா என்று முடிவெடுப்பது பைத்தான் மொழி நிரல். இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு முறையும், அவள் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவந்தாள். வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த எர்மெக் அந்த ஒரு வரியைத் தூக்கிவிட்டு, அவளுடைய நினைவகத்தையே பைத்தானுக்கு நேராகத் திறந்துவிட்டான். எச்சரிக்கை மணி முன்னைவிட வெகு சீக்கிரம் அடித்தது.

அவ்வளவுதான், எங்கும் எர்மெக் பேச்சு. தேநீர் வேளையில், எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டித் தட்டு முதலில் அவன் பக்கம் போனது. "ஜிபெக்கக் கேளு" என்று பழகிய வாய்களெல்லாம் "எர்மெக்கக் கேளு" என்றன. அவன் மேல் கோபப்படவும் வழியில்லை. நல்ல பையன். வார்த்தைக்கு வார்த்தை 'எஜே, எஜே' என்று சொந்த அக்காவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். அது இன்னும் எரிந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவன் நிரலைத் திறந்தாள். குறை தேடித்தான் திறந்தாள். அதைத் தன்னிடமே அவள் மறைக்கவில்லை. கிடைத்தது.

நினைவகத்தில் ஒரு துண்டு நிரம்பியதும் அவளுடைய நிரல் சுற்றி வந்து அதன் மேலேயே அடுத்த அதிர்வுகளை எழுதும். 'நான் படித்து முடிக்கும்வரை தொடாதே' என்று அதைத் தடுக்க ஓர் அழைப்பு உண்டு. நகல் எடுக்கத் தொடங்கியபின் அது அவளுக்குத் தேவைப்படவில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. எர்மெக்குக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பூமி சாதுவாக இருக்கும் நாட்களில் ஒன்றும் ஆகாது. எல்லா மலைகளும் ஒரே நேரத்தில் அலறினால்தான், பைத்தான் நாரின் பகுதியின் அதிர்வைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதில் பாதி ஓஷ் பகுதியின் அதிர்வாகிவிடும். மணி அடிக்காமலே போகலாம்.

உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. அப்புறம் நெஞ்சுக்குள் மெல்ல ஓர் இனிப்பு இறங்கியது.

எர்மெக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "எஜே, நாளைக்கு அமைச்சக ஆளுங்க முன்னாடி ஓட்டிக் காட்டணும். எந்தப் பழைய நிலநடுக்கப் பதிவ ஓட்டலாம்? சின்னதா ஒண்ணு?"

"சின்னது எதுக்கு? தலைவர் பெருமையடிச்சுக்க வேணாமா? பெருசையே போடு. நம்ம சுவரெல்லாம் விரிசல் விட்டுச்சே, அது."

அந்தப் பதிவுக் கோப்பை அவளே தேடி அனுப்பினாள். உறைந்த திரையும் அசில்பெக்கின் தொங்கிய முகமும், யாரோ தயங்கி "ஜிபெக்கக் கூப்பிடுங்க" என்பதும் அவள் கண்ணுக்குள் ஓடின. எழுந்து போய் ஒரே வரியில் சரிசெய்துவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? வெறும் ஒத்திகைதானே. ஒத்திகையில் தவறு வெளிப்படாமல், அப்படியே நிஜ வேலைக்குப் போய்விட்டால்? அந்த நினைப்பை அவள் மேலே வளரவிடவில்லை.

கோப்பு வந்துசேர்ந்தும் எர்மெக் நகரவில்லை.

"எஜே, சிரிக்காதீங்க. அந்த நகல் வரிய எடுத்துட்டேனே தவிர, மனசு கேக்கல. காரணமில்லாம நீங்க ஒரு வரி எழுத மாட்டீங்க. ரெண்டு நாளா தேடிப் பாத்துட்டேன், பிடிபடல. பைக்கேகிட்ட சொன்னா, 'ஜிபெக்குக்குப் பழைய பழக்கம், விடுடா'ங்கிறாரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒருதடவ என்கூட உக்காந்து பாத்துச் சொல்றீங்களா, எஜே?"