மதியக் காட்சியில் தப்பியவன்

பழைய யுத்தப் படத்தின் மூன்றாம் வாரம், புதன்கிழமை மதியக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது, கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஆபரேட்டர் வீட்டுச் சமையலறைத் தரையைப் பெயர்த்துக்கொண்டு ஒரு கைதி வெளியே வந்தான். படம் கறுப்பு வெள்ளை என்பதால் அவனும் அப்படியே இருந்தான். முழங்கையில் வழிந்த ரத்தம்கூடச் சாம்பல் நிறம். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஆபரேட்டரின் மனைவி கத்தத்தான் வாயைத் திறந்தாள். அவன் தன்னைவிட அதிகமாக நடுங்குவதைப் பார்த்துத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிக்கும் அந்தப் படத்தில், மாலைக் காட்சியிலிருந்து ஒரு தலை குறைந்தது. காவல் அதிகாரி கைதிகளை இரண்டு தடவை எண்ணினான்; பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். வியாழனன்று அவனுடைய நாய்கள் முன்வரிசையை மோப்பம் பிடித்தன. எழுந்தால் சந்தேகப்படுவான் என்று ஒருவரும் எழவில்லை. வெள்ளியன்று, திரைக்குப் பக்கத்துக் கதவைச் சாத்தப் போன டிக்கெட் கிழிப்பவனை அதிகாரி சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான். இழுபட்டவன் ஆபரேட்டர் மனைவியின் தம்பி. எண்ணிக்கை சரியாயிற்று; படம் தொடர்ந்தது. கடைசி வரிசைக் கைதியாக நின்று அவன் "அக்கா" என்றது கொட்டகை முழுக்கக் கேட்டது.

ஆபரேட்டர் மெஷினை நிறுத்தப் போனார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதீங்க. நிறுத்தினா அவன் அங்கேயே நின்னுடுவான்."

வீட்டில் கைதி எழுந்தான். "நான் திரும்பிப் போயிடறேன்கா. அவரை விட்டுடுவாங்க."

"நல்லா விடுவாங்க. உன்னைச் சுட்டுட்டு அவனையும் வச்சுக்குவாங்க. பேசாம உட்காரு."

சனிக்கிழமை மதியம் அவள் சமையலறைப் பள்ளத்தில் இறங்கினாள். சுரங்கக் காட்சி வந்தபோது, எல்லோரும் தப்பும் திசைக்கு எதிராக ஒரு பெண் தவழ்ந்து போவதைக் கூட்டம் பார்த்தது. அவளுக்கு நேர் மேலே பூட்ஸ் கால்கள் நடந்தன. மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. கைதிகளின் குடிசைத் தரைப் பலகையைத் தள்ளினாள். முதலில் தம்பி இறங்கினான். அவன் பின்னால் மொத்தக் குடிசையும் வரிசையில் நின்றது.

"வாங்க, வாங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தர்."

பலகை கிரீச்சிட்டது. அதிகாரி திரும்பினான். அந்த நொடியில் முன்வரிசையில் தையல்காரர் ஒருவர் பலமாக இருமினார். அடுத்தவரும் இருமினார். பிறகு கொட்டகையே இருமியது. நாய்கள் பாய்ந்து வந்து திரையோரம் நின்று குரைத்தன. பயத்தில் கண்ணீர் வழிய, கடைசி ஆள் வெளியேறும்வரை அவர்கள் இருமிக்கொண்டே இருந்தார்கள்.

அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். பள்ளத்தைச் சிமெண்ட் பூசி அடைத்தார்கள். வந்தவர்கள் அச்சகத்திலும் மரக்கடையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். படம் இன்னும் இரண்டு வாரம் ஓடியது. ஆளில்லாத முகாமில் அதிகாரி தினமும் நாலு காட்சியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்து, கூட்டத்தின் பக்கம் திரும்புவான். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். கூட்டம் மட்டும் குறையவேயில்லை.