தோளில் ஏறாத பட்டி

இணுவிலில் கலியாணம் என்றால் மாப்பிள்ளை வந்து இறங்குவது பெரும்பாலும் சண்முகநாதனின் கறுப்பு மொறிஸ் மைனர் காரில்தான். தான் பிறப்பதற்கு முன்பே பிறந்த கார் என்பதால் அதன்மேல் அவருக்கு ஒரு மரியாதை. கதவைக்கூட அடித்துச் சாத்த விடமாட்டார்.

ஒருநாள், ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் தாதியாக இருக்கும் மகள் கஜானி ஒரு பையை அவரிடம் நீட்டினாள். உள்ளே தோளுக்குக் குறுக்கே போடும் இரண்டு சீற் பெல்ற்றுகள்.

"அப்பா, முகமும் நெஞ்சும் அடிபட்டு வாறவையை நான் நாளாந்தம் பாக்கிறன். உங்கடை காரிலை பெல்ற்றே இல்லை. கதவுத் தூணிலை ஓட்டை போட்டு இதைப் பூட்டுங்கோ."

"ஓட்டையோ!" பச்சைப்பிள்ளைக்கு ஊசி போட வந்தவளைப் பார்ப்பதுபோல் மகளைப் பார்த்தார்.

"உன்ரை காதுகுத்துக்குக்கூட உவர் இப்பிடிப் பதறேல்லை, பிள்ளை" என்றாள் குசினி அடுப்படியில் இருந்து மனைவி உதயகலா.

மகளின் வாயை அடைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பையை அலுமாரியில் வைத்துவிட்டு, கராஜ் கிறிஸ்ரோபரிடம் போய் இடுப்புப் பட்டிகளை மட்டும் பூட்டச் சொன்னார். இருக்கைக்குக் கீழே போடும் துளை யார் கண்ணிலும் படாதல்லவா!

"அண்ணை, இடுப்பை மட்டும் கட்டினா மேல்பாதி முன்னாலை போகுமெல்லோ?"

"என்ரை கார் ஓடுற ஓட்டத்துக்கு அதுகும் காணும்."

ஆவணியில் பார்த்தீபன் என்ற இளைஞனுக்குக் கலியாணம். தலைப்பாகையும் பட்டுச்சால்வையுமாக முன்னிருக்கையில் அமர்ந்து, இடுப்புப் பட்டியைப் பவ்வியமாகப் பூட்டிக்கொண்டான். கோயில் வீதியில் திரும்பும்போது ஆடொன்று வாய் நிறைய வாழையிலையோடு குறுக்கே பாய்ந்தது. சண்முகநாதன் பிறேக்கை மிதித்தார். கார் நின்றது. ஆடும் நின்றது. மாப்பிள்ளை நிற்கவில்லை. இடுப்போடு இரண்டாக மடிந்து டாஷ்போட்டில் முகத்தை இடித்துக்கொண்டான். தலைப்பாகை பறந்து சண்முகநாதனின் மடியில் விழுந்தது.

மணவறையில் அவனுடைய மூக்கு கறுத்தக்கொழும்பான் மாம்பழம்போல் வீங்கியிருந்தது. மணப்பெண் துஷாந்தினி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தாயின் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா, படத்திலை காட்டின ஆள் இவர்தானோ?"

சபை சிரித்தது. கலியாணத்துக்கு வந்திருந்த கஜானி சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் மூக்கில் ஐஸ்கட்டியை ஒத்திக்கொண்டே, "எலும்பு முறியேல்லை. கொஞ்சம் மேலாலை பட்டிருந்தா கண் போயிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். தகப்பனின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சண்முகநாதன் போய்க் காருக்குள் இருந்தார். டாஷ்போட்டில் மாப்பிள்ளையின் சந்தனப்பொட்டு அப்படியே ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை.

மறுநாள் மகள் தந்த பையோடு கராஜில் நின்றார். "போடு ஓட்டையை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பட்டி பிய்ந்து வராமலிருக்கத் தூணுக்குள் தடித்த இரும்புத் தகடு ஒன்றை உருக்கி ஒட்டி, பெல்ற்றைப் பூட்டிக் கொடுத்தான் கிறிஸ்ரோபர்.

அடுத்த கலியாணத்து மாப்பிள்ளை அருட்செல்வன் தோளில் ஏறிய பட்டியைக் கண்டு முகம் சுளித்தான். "ஐயா, சால்வை கசங்கப்போகுது."

சண்முகநாதன் என்ஜினை நிற்பாட்டினார்.

"சால்வை கசங்கினா அயன் பண்ணலாம், தம்பி. காரிலை ஓட்டை விழக்கூடாதெண்டு பாத்து ஒரு பொடியன்ரை கண்ணைப் போக்கப் பாத்தனான் நான். கார் பழசா இருக்கலாம். அதுக்குள்ளை இருக்கிற உயிர் பழசில்லை. பட்டியைத் தோளுக்கு மேலாலை போடும், பிறகு வெளிக்கிடுவம்."