இருபத்தாறாவது தாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் தையல் கடையில் அது பெரிய குறையில்லை. கூட்டத்தில்தான் வினையாகிப் போனது.

கடலோர அலுவலகம் கடற்கரையில் எங்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மைல் தூரத்தை நானும் நாத்தனாரும் வாராவாரம் நடந்து பார்த்து, தாளில் எழுதி அனுப்புகிறோம். சம்பளம் கிடையாது. செத்து ஒதுங்கிய பறவை இருந்தால் இறக்கையை அளந்து, அதில் நூல் கட்டி, அங்கேயே விட்டுவிட வேண்டும். அடுத்த முறை அதையே புதிதென்று எண்ணிவிடக் கூடாதல்லவா, அதற்குத்தான் நூல். மூன்றாம் வருடம் மீன் டப்பா தொழிற்சாலை கழிவுநீர்க் குழாயைக் கடலில் விட்டது. அந்த ஒரு வருடத்தில் சிவப்பு நூற்கண்டு முழுசாகக் காலியானது.

கடலோர அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். "பறவைங்க இங்க எப்பவும் சாகறதுதான். குழாய்க்கு முன்னாடி சாகலைன்னு காட்டுங்க," என்றார் தொழிற்சாலை மேலாளர். அதிகாரி எங்கள் கோப்பைப் புரட்டினார். முதல் இரண்டு வருடத்துக்கு நான்கே தாள்கள் இருந்தன. தாளை நிரப்பி அனுப்புவது நாத்தனார் பொறுப்பு.

"ஒண்ணுமே இல்லாத நாளுக்கு எதுக்கு பேப்பரை வீணாக்கணும்னு அனுப்பலை," என்றார் நாத்தனார்.

"பூஜ்யம்னு எழுதி அனுப்பியிருக்கணும்மா. இப்ப நீங்க நடந்தீங்கங்கறதுக்கே ஆதாரம் இல்ல," என்றார் அதிகாரி.

மேலாளர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "ஆறு மாசம் குழாயை மூடிப் பாருங்க சார். எங்க மைல்ல புதுசா ஒரு பறவை செத்துக் கிடந்தாலும் திறந்துக்குங்க!" என்று சொல்லிவிட்டேன். அவர் விடுவாரா? அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார். ஒன்றும் சாகவில்லையென்றால் குழாயை நிரந்தரமாக மூட வேண்டும் என்று அதிகாரியும் அதில் சேர்த்தார்.

"வயசாகிக்கூட பறவை சாகும்டி. அதுக்கும் நீ உத்தரவாதமா?" என்றார் நாத்தனார் வாசலில்.

"நீங்க பூஜ்யம் போட்டிருந்தா நான் ஏன் அண்ணி வாயைத் திறக்கறேன்?"

அவர் விறுவிறுவென்று எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்.

குழாய் மூடியதும் நூலின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். நீலக் கண்டு வாங்கினேன். வாராவாரம் நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது, நாத்தனாருக்கு முழங்கால் வலித்தது, கடையில் பள்ளிச் சீருடைகள் குவிந்தன. நடை மட்டும் நிற்கவில்லை. நாத்தனார் இருபத்தைந்து தாள்களில் பூஜ்யம் போட்டார், ஒவ்வொன்றும் முட்டை அளவுக்கு. நீலக் கண்டைப் பிரிக்கவே இல்லை.

கடைசி வாரம் புயல் காற்றில் அலை ஏறி மணல்மேட்டை அரித்திருந்தது. மேட்டின் அடியில் பாதி புதைந்தபடி ஒரு கடற்காகம் கிடந்தது. நாத்தனார் இரண்டு பக்கமும் பார்த்தார். ஈ காக்கை இல்லை. காலால் மணலை அதன்மேல் தள்ள ஆரம்பித்தார்.

"வேண்டாம் அண்ணி."

"பைத்தியமா உனக்கு? இந்த ஒண்ணுக்காக குழாயைத் திறந்தா இன்னும் எத்தனை சாகும் தெரியுமா?"

"தெரியும். நூல் கட்டினவளே நான்தான். ஆனா இதை மறைச்சா நாம எழுதின இருபத்தஞ்சும் பொய்தான். அப்புறம் எந்த முகத்தோட அந்த மேலாளர் முன்னாடி நிக்கறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்டியிட்டு, நீல நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அளக்கும் நாடாவை விரித்து, மணலில் புதைந்திருந்த இறக்கையைத் தூக்கினேன். சருகுபோலக் காய்ந்திருந்தது. அடியில் எலும்பைச் சுற்றி ஒரு நூல், என் கைமுடிச்சு. சிவப்பு.

"அண்ணி," என்றேன். மணலைத் தட்டி முடிச்சைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். முழங்காலை மறந்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "போன வருஷத்துது," என்றார். "நீ ஏற்கெனவே எண்ணினது."

பிறகு தாளை எடுத்து 'பழையது: ஒன்று' என்று எழுதினார். 'புதியது' என்ற இடத்தில் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இதை நீ போடுடி. வாயைக் குடுத்தது நீதானே."

தாளை முழங்காலில் வைத்துப் போட்டதில் பூஜ்யம் கோணலாகத்தான் வந்தது.