மார்த்தா செத்த பிறகு பெற்ற மூன்று பிள்ளைகள்

மார்த்தா 1794-இல் செத்துப்போனாள். அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகள் பெற்றாள். திரையில் இருந்ததை அனுசுயா மூன்று தடவை படித்துவிட்டு, "இன்னா கூத்து இது" என்று கம்ப்யூட்டரிடமே கேட்டாள்.

திருத்தணியில், அரக்கோணம் ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். அமெரிக்காக்காரர்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுவதற்காகப் பழைய கையெழுத்துக் காகிதங்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். இங்கே எட்டுப் பேர் உட்கார்ந்து அதைப் படித்து, யாருக்கு யார் பெண்டாட்டி, யாருக்கு யார் பிள்ளை என்று கட்டங்களை நிரப்புவார்கள். அந்த மாதம் வந்தது எலியாஸ் பென்ரோஸ் என்பவரின் குடும்பம். அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் ஒரு சின்ன மாநிலத்துக்கு முதல் செயலாளராக இருந்த பெரிய மனிதர். மாநிலத்தின் சட்டங்களுக்கெல்லாம் முத்திரை போட்டவர், சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் முத்திரையை எங்கே வைத்தாரோ தெரியவில்லை.

அனுசுயாவுக்கு முன்னால் இந்தக் காகிதங்களைப் பார்த்த இளம்பரிதி சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். 'எழுத்து மங்கல்' என்று குறிப்பு போட்டு, 1794-ஐ 1804 ஆக்கிவிட்டான். செத்தவளுக்குப் பத்து வருஷம் ஆயுசு போட்டுக் கொடுத்த புண்ணியவான்! ஆனால் எழுத்து மங்கலே இல்லை. மார்த்தா செத்த வருஷமே அவள் தங்கை லிடியா அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், திரும்பிப் போகவே இல்லை. மார்த்தாவின் மூத்த பிள்ளைகள் எழுதிய கடிதமெல்லாம் 'சித்தி லிடியா', 'சித்தி லிடியா' என்றே போகிறது. அனுசுயாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நேராக மேற்பார்வையாளர் சுதாகரிடம் போய் நின்றாள்.

"அக்கா செத்துப் பூட்டா, தங்கச்சிய கட்டிக்கினு இருக்காரு சார். அந்த மூணு பிள்ளைங்களும் லிடியா பெத்தது. எங்க தெருவுலயே மூணு வூடு இப்டி இருக்குது."

"நம்ம ஊரு வேறம்மா. அங்க அந்தக் காலத்துல பொண்டாட்டி தங்கச்சிய கட்டிக்கினா சட்டப்படி குத்தம். சட்டத்துக்கு முத்திரை போட்ற மனுஷன் செய்வாரா?"

"அதாலதான் மறைச்சிருக்காரு."

"ஆதாரம் எங்க?" சுதாகர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "நீ அமெரிக்காவுக்கு அனுப்புன சந்தேகம் ஏற்கெனவே ரெண்டு, தப்புன்னு திரும்பி வந்துடுச்சி. மூணாவதும் வந்தா சீட்ட விட்டுத் தூக்கிடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. 1804-ன்னே இருக்கட்டும், வுட்டுடு."

விட்டிருக்கலாம். இந்த வேலை போனால் அடுத்த வேலைக்குச் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும். ஆனால் அவள் வீட்டிலேயே ஒரு லிடியா இருந்தாள்.

அனுசுயாவுக்கு மூன்று வயதில் அம்மா கன்னியம்மாள் இறந்தாள். அம்மாவின் தங்கை சந்திராவை நைனா துளசிங்கம் கட்டிக்கொண்டார். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை அவருக்கு. ஆஸ்பத்திரி கார்டில் பெண்டாட்டி பெயரை மாற்ற அலைவானேன் என்று, கன்னியம்மாள் போட்டோவைப் பிய்த்துவிட்டு அதே இடத்தில் சந்திராவின் போட்டோவை ஒட்டிவிட்டார். "அக்கா பேருதானே, யாரோ பேரா" என்று சந்திராவும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில், ரயில் பாஸில், எங்கே போனாலும் அவள் கன்னியம்மாள்தான். இளம்பரிதியாவது செத்தவளுக்குப் பத்து வருஷம்தான் கொடுத்தான். நைனா முப்பத்தோரு வருஷம் கொடுத்திருந்தார்.

அனுசுயா பிடித்தால் பிடித்ததுதான். தன் பங்குக்கு வராத பென்ரோஸ் காகிதங்கள் இன்னும் முன்னூற்றுச் சொச்சம் பக்கம் கிடந்தன. தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, கூட்டுபவள் கூட்டி முடிப்பதற்குள் உட்கார்ந்து படித்தாள். ஏலப் பட்டியல், பிரசங்கக் குறிப்பு, குதிரைக்கு வயிற்றுவலி என்று என்னென்னவோ வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் மூத்த மகள் ரூத் தன் தம்பிக்கு எழுதிய கடிதம் வந்தது. பென்ரோஸ் இறந்துபோன 1811-இல் எழுதியது.

'பத்திரிகையில் அப்பாவின் மனைவி என்று அம்மா பெயரை மட்டும் போட்டிருக்கிறார்கள். சித்தி அதைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டாள். இருவரும் பக்கத்து மாநிலத்துக்குப் போய் மணம் செய்துகொண்டது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினைந்து வருடம் அவருக்கு மனைவியாக இருந்து மூன்று பிள்ளை பெற்றவள் அவள். நான் எழுதி வைக்கிறேன். யாராவது ஒருநாள் படிக்கட்டும்.'

அந்த யாராவது, இருநூறு வருஷம் கழித்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு திருத்தணியில் உட்கார்ந்திருந்தாள். அனுசுயாவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுதாகர் வருவதற்குள் மூன்றாவது சந்தேகத்தை அனுப்பிவிட்டாள்.

நான்கு நாள் சுதாகர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பதில் வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். மார்த்தா 1794-க்கே போய்ச் சேர்ந்தாள், மூன்று பிள்ளைகளுக்கும் தாய் என்ற கட்டத்தில் லிடியா வந்து உட்கார்ந்தாள். "பரவாயில்லையே" என்றார் சுதாகர், தானே கண்டுபிடித்தவரைப் போல.

அதோடு அவள் விடவில்லை. வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. "இத்தினி வருஷம் கழிச்சி ஏன்டி கெளர்ற? என்னைக் கேள்வி கேப்பாங்க" என்று நைனா கத்தினார். "கேட்டா பதில் சொல்லு நைனா, நீ பண்ணதுதானே" என்றாள். கடைசியில், ஆஸ்பத்திரி கார்டில் பெயரை மாற்றச் சொல்லி அவள் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை சித்தியைக் கூட்டிக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயிலேறினாள். வழியில் லிடியா கதையைச் சொன்னாள். சந்திரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா ஒண்ணுமே சொல்லலியா?" என்றாள்.

"இல்ல. பேப்பரை மடிச்சு வச்சிட்டாங்களாம்."

"ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு சந்திரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரயில்வே ஆஸ்பத்திரியில் கூட்டம். கார்டை உள்ளே கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "கன்னியம்மாள்!" என்று கூப்பிட்டார்கள். சந்திரா பழக்கத்தில் எழுந்துவிட்டாள்.

"சித்தி, உன்னையா கூப்புட்றாங்க?"

சந்திரா நின்ற இடத்திலேயே நின்றாள். அனுசுயா முன்னால் போய், மனுவையும் அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் மேஜைமேல் வைத்தாள். எழுத்தர் இரண்டையும் பார்த்தார், கார்டைப் பார்த்தார், சந்திராவின் முகத்தைப் பார்த்தார்.

"கன்னியம்மாள் இறந்துட்டாங்கன்னு போட்டிருக்குது. அப்ப நீங்க யாரும்மா?"

அனுசுயா வாயெடுத்தாள். சந்திரா அவள் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜைக்கு முன்னால் வந்தாள்.

"கன்னியம்மா எங்க அக்கா. அவ செத்து முப்பத்தோரு வருஷம் ஆவுதுங்க. நான் சந்திரா. எழுதிக்கோங்க."